மூடிய பின் யார் காண்பார்?

ஒருவன் செய்யும் வேலை எவர் கண்ணிலும் படாதென்பது உறுதியான பின்னரும், அதனை அவன் செவ்வனே செய்தல் வேண்டுமென்று சொல்வதற்கு நியாயம் யாது? இக்கேள்வி மிகப் பழைமையானது. அறிஞர் பலர் இதனை அலசியுள்ளனர். எனினும், இம்முறை நாம் இதனை எதிர்கொண்டது ஏட்டிலன்று. பேராக் மாநிலத்து ஊரொன்றில், கடை வரிசையின் பின்புறம் தகரக் கூரையின் கீழ் நடைபெறும் ஒரு மோட்டார்ப் பட்டறையில் என்க.

நம் நண்பர் ஒருவர் தமிழ்ப் பள்ளியில் முப்பதாண்டுகளுக்கு மேல் ஆசிரியராய் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வின்போது கைக்கு வந்த தொகையில் ஒரு பகுதியைக் கொடுத்து, 1930-ஆம் ஆண்டுக்குரிய ஃபோர்டு 'ஏ' மாடல் கார் ஒன்றை வாங்கினார். இந்த வயதில் இந்த ஆசை எதற்கென்று ஊரார் நகைத்தனர். அவர் தந்தையார் சிறுவராய் இருந்த காலத்தில், தோட்டத்துத் துரையின் கார் துடைக்கும் வேலை பார்த்தவர். அஃதும் இதே மாடல் கார். நாள்தோறும் துடைக்கலாம், ஒரு நாளும் ஏறி உட்காரலாகாது. இதனை அறிந்தோர் நகைக்கவில்லை.

வாங்கிய இரண்டு மாதம் கார் நன்றாகவே ஓடிற்று. மூன்றாம் மாதத்தில், மேட்டில் ஏறும்போதெல்லாம் யந்திரத்தின் அடியிலிருந்து 'டொக், டொக்' என்று மந்தமானதோர் ஓசை கேட்கலாயிற்று. பிறகு சமதரையிலும் கேட்டது. காரைக் கட்டியிழுத்துக்கொண்டு பட்டறைக்குச் சென்றபோது நண்பர் நம்மையும் உடன் அழைத்துச் சென்றார். பட்டறைக்கு உரியவர் எழுபதைத் தாண்டிய பெரியவர். காரைக் கண்டதும் அவர் முகம் வாடியது. "இது நான் அறிந்த வண்டி, வாத்தியாரையா," என்றார். அதற்கு மேல் அன்று ஒன்றும் சொல்லவில்லை.

மேலே செல்லுமுன், அவ்வோசை எதனால் எழுந்ததென்பதை விளக்குதல் வேண்டும். யந்திரத்தின் உள்ளே, பிஸ்டன்கள் மேலும் கீழும் தள்ளும் வேகத்தைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்கு ஷாஃப்ட் என்னும் வளைதண்டு. 'ஏ' மாடலில் அது முன், நடு, பின் என மூன்று இடங்களில் தாங்கப்பட்டுச் சுழல்கிறது. அத்தாங்கும் இடங்களையே பேரிங் என்பர். இக்காலத்துக் கார்களில் பேரிங் என்பது கடையில் வாங்கி வைக்கத்தக்க மெல்லிய ஓடு; தேய்ந்தால் எடுத்தெறிந்து வேறொன்று வைக்கலாம். 'ஏ' மாடலில் அவ்வாறன்று. உருக்கிய வெள்ளை உலோகத்தை யந்திரத்தின் வார்ப்பிரும்பு உடலிலேயே ஊற்றி, ஆறவிட்டு, தண்டின் அளவுக்குக் கடைந்தெடுத்து அமைப்பர். தண்டுக்கும் அவ்வுலோகத்துக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி, ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஒன்று, அல்லது ஒன்றரை. நம் தலைமயிர் ஒன்றின் பருமன் பெரும்பாலும் இதனிலும் மிகுதி.

அந்த மயிரிழை இடைவெளியில்தான் வியப்பு அடங்கியுள்ளது. 1880-களில் இங்கிலாந்தில் பூசம் டவர் என்பார் இரயில் வண்டி அச்சுகளின் தாங்கிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். எண்ணெய் ஊற்றுவதற்காகத் தாங்கியின் உச்சியில் ஒரு துளையிட்டார். அச்சுச் சுழன்றதும் எண்ணெய் உள்ளே இறங்குவதற்கு மாறாக அத்துளை வழியே மேலே பொங்கியது. அடைப்பானை வைத்து அடைத்தார். அடைப்பான் வெளியே தள்ளப்பட்டது! சுழலும் தண்டு தன் சுழற்சியினாலேயே எண்ணெயை இழுத்து, ஆப்புப் போல் அடியிற் செருகிக்கொண்டு, அதன்மேல் மிதக்கிறதென்பது அதனால் வெளியாயிற்று. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்னும் பேராசிரியர் 1886-இல் இதற்குக் கணக்கு வகுத்தார். நன்றாக அமைந்த பேரிங்கில் இரும்பு உலோகத்தைத் தொடுவதே இல்லை. இடைவெளி பெருகிவிட்டாலோ, எண்ணெய் ஓரங்களில் ஒழுகிவிடும், படலம் அறும், தண்டு உலோகத்தின்மேல் விழுந்து எழும். அந்த 'டொக், டொக்' இதுவே. நிமிடத்திற்கு 2,200 சுற்றுச் சுற்றும்போது எத்தனை அடியென்று எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

வெள்ளை உலோகம் எனப்படுவது ஐசக் பாபிட் என்னும் அமெரிக்கர் 1839-இல் கண்டது. பட்டறைகளில் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. இப்போது ஊற்றப்படும் நல்ல கலப்பொன்றில் நூற்றுக்கு 89 பங்கு வெள்ளீயமும், ஏழரைப் பங்கு அண்டிமனியும், மூன்றரைப் பங்கு செம்பும் உள்ளன. வெள்ளீயம் என்றது நம் நாட்டில் நாம் ஈயமென்றே சொல்லிப் பழகிய பொருளைத்தான். 'ஏ' மாடல் கார்கள் 1927 இறுதியிலிருந்து 1932 வரை ஏறத்தாழ 48 இலட்சம் செய்யப்பட்டன. அக்காலத்தில் உலகத்து ஈயத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மலாயாவிலிருந்தே சென்றது. கிந்தா பள்ளத்தாக்கின் மண்ணைக் கரைத்து எடுத்த ஈயம் எந்தெந்த நாட்டுக் கார்களின் வயிற்றில் கிடந்து சுழற்சியைத் தாங்கிற்றோ, கண்டவர் யார்? 1985-இல் ஈய விலை சரிந்தது. இன்று எஞ்சியிருப்பவை பெரும்பாலும் ஈயக்குட்டைகளே.

இவ்வுலோகத்தின் தன்மையில் ஒரு சிறப்புண்டு. மென்மையான வெள்ளீயத்தின் நடுவே கடினமான நுண்ணிய மணிகள் பதிந்து கிடக்கின்றன. மணிகள் பாரத்தைத் தாங்கும். மென்மை, எண்ணெயில் வரும் மணல் துகளைத் தன்னுள் புதைத்துக்கொண்டு, தண்டில் கீறல் விழாமல் காக்கும். எண்ணெய் தவறிய வேளையிலும் தேய்வது இதுவேயன்றித் தண்டன்று. உடனே நம் பிரசங்கிகள் எழுந்து, "பாரீர்! தொழிலாளியும் இவ்வாறே தன்னைத் தேய்த்துப் பிறரைக் காத்தல் வேண்டும்," எனப் புகல்வர். இத்தகைய உபதேசத்தை நாம் நெடுங்காலமாகக் கேட்டு வந்துள்ளோம். பெரும்பாலும் தேயாதவர்கள் வாயிலிருந்து. உலோகத்தை ஊற்றிக் கடைந்தவன், அது தேயும் பொருட்டே அமைத்தான். மனிதனைத் தேயும் பொருட்டு எவனும் அமைக்கவில்லை. ஆதலின் அவ்வுவமையை இங்கேயே விட்டுவிடுவோம்.

நிற்க. மறுவாரம் யந்திரத்தைப் பிரித்து மேசைமீது கிடத்தியிருந்தார் பெரியவர். நம்மை அருகே அழைத்து, மூன்று பேரிங்குகளின் மூடிகளையும் வரிசையாக வைத்துக் காட்டினார். முன்னதிலும் நடுவிலுள்ளதிலும், மூடிக்கும் உடலுக்கும் இடையே ஷிம் எனப்படும் மெல்லிய தகடுகள் இரு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் அடுக்கப்பட்டிருந்தன. பேரிங் சிறிது தேயும்போது ஒரு தகட்டை உரித்தெடுத்து மூடியை இறுக்கினால் இடைவெளி மீண்டும் சரியாகும். முறைப்படி செய்வது அது. பின்பக்கத்துப் பேரிங்கிலோ தகடே இல்லை. தகடுகள் தீர்ந்த பின், மூடியின் விளிம்பையே அரத்தால் இராவி, கீழே இறங்கியமர வைத்திருந்தனர். அரத்தின் புதிய கோடுகள் பளபளத்தன. இராவியதால் துளை வட்டமாயிராமல் நீள்வட்டமாகி, மேலுங் கீழும் தண்டை நெருக்கிப் பக்கங்களில் இளகியிருந்தது. அந்த நெருக்கத்தினால் ஓசை சில காலம் அடங்கும். கெட்டியான எண்ணெயை ஊற்றிவிட்டால் இன்னும் சிறிது காலம் அடங்கும். விற்றுக் காசாக்க அவ்வளவு காலம் போதும்.

வழியிடையே கார் நின்றுவிட்டது, வீடு போய்ச் சேர வேண்டும் என்ற நிலையில் அரத்தைக் கையிலெடுப்பவனை நாம் குற்றஞ் சொல்லோம். குற்றம், இராவியதை மூடி மறைத்து, "யந்திரம் புதிதுபோல் உள்ளது," என்று சொல்லி விலை பெற்றதில் உள்ளது.

அப்போதுதான் பெரியவர் நடந்ததைச் சொன்னார். முன்பு இக்காருக்கு உரியவராயிருந்த இளைஞர், முதலில் இவரிடமே கொண்டு வந்தாராம். தாயாரின் வைத்தியச் செலவுக்காகக் காரை விற்க வேண்டியிருந்தது. உலோகம் மாற்றி ஊற்ற மூன்று வாரமாகும், விற்கும் விலையில் கால் பங்கு செலவாகும் என்று இவர் கூறினார். "அவ்வளவு பணம் என்னிடம் இல்லை அண்ணே. மூடியைக் கொஞ்சம் இராவி மாட்டிக் கொடுங்கள். எண்ணெய்த் தொட்டியை மூடிவிட்டால் யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று அவர் கெஞ்சினார். "ஓசையோடு விற்றுவிடு தம்பி, ஓசை இருக்கிறதென்று சொல்லி விற்றுவிடு. இராவ மாட்டேன்," என்று இவர் மறுத்தார். இளைஞர் மனம் நொந்து காரை ஓட்டிச் சென்றார். வேறோர் இடத்தில் அரைநாளில் வேலை முடிந்துவிட்டது. அவ்விடம் எது என்பது நமக்கு வேண்டுவதில்லை.

யார் பார்க்கப் போகிறார்கள்? கிரேக்க ஞானி பிளேட்டோ, தம்முடைய குடியரசு என்னும் நூலில் இக்கேள்வியை ஒரு கதையாக அமைத்திருக்கிறார். ஆடு மேய்க்கும் ஒருவனுக்கு மாய மோதிரம் ஒன்று கிடைக்கிறது. அதனைத் திருகினால் அவன் எவர் கண்ணுக்கும் தெரியான். அவ்வளவுதான், அவன் அரசனைக் கொன்று நாட்டைக் கைக்கொள்கிறான். இத்தகைய மோதிரத்தை நேர்மையுள்ளவன் கையில் போட்டாலும் அவனும் அவ்வாறே செய்யானோ என்பது வினா. தீமை செய்வோன் உள்ளம் ஒழுங்கு குலைந்து கெடுமாதலால், மறைவிலும் நேர்மையே நன்மை என்பது அந்நூலின் விடை. உயர்ந்த விடைதான். ஆயினும் ஓய்வும் சோறும் உள்ளவர்க்கே அது முழுதும் விளங்கும் என்று நமக்குத் தோன்றுகிறது. ஆடு மேய்ப்பவனுக்கு மோதிரத்தால் கிடைத்தது அரசு. பட்டறைத் தொழிலாளிக்கு எண்ணெய்த் தொட்டி என்னும் மோதிரத்தால் கிடைப்பது ஒரு வேளைச் சாப்பாட்டுக்கான காசு. அவன் நாள்தோறும் அம்மோதிரத்தை அணிந்தே வேலை செய்கிறான். அவன் உள்ளத்தின் ஒழுங்கைப் பற்றி நாம் அவனிடம் பேசப் புகுவது, பசித்தவனிடம் பந்தியின் ஒழுங்கைப் பேசுவது போலாகும்.

நம்மவரிற் பலர்க்கு இவ்வளவு ஆராய்ச்சி வேண்டுவதில்லை. "மனிதர் காணாவிடினும் கடவுள் காண்கிறார்," என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவர். கடவுள் உண்டா இல்லையா என்ற வழக்கை நாம் இங்கே எடுக்கவில்லை. காண்கிறாரென்றே வைத்துக்கொள்வோம். அந்நம்பிக்கை வேலையைத் திருத்தியிருக்கிறதா என்பதே நம் கேள்வி. ஆயுத பூசை நாளில் நம் ஊர்களைச் சுற்றி வாருங்கள். காரின் முகத்தில் சந்தனமும் குங்குமமும், கண்ணாடியில் மாலை, நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம். அந்தக் காரின் எண்ணெயை மாற்றி எத்தனை மாதமாயிற்று என்று கேளுங்கள். விடை வராது. காண்கின்றவர் ஒருவர் இருக்கிறார் என்றெண்ணும் மனம், காண்கின்றவரைத் திருப்திப்படுத்தும் வழியைத் தேடுகிறது. அவ்வழி எலுமிச்சம்பழத்தில் மலிவாகக் கிடைக்கையில் பேரிங்கைப் பற்றி அது ஏன் கவலைப்பட வேண்டும்? இராவிய இடத்திலும் ஒரு சாமி படம் மாட்டப்பட்டே இருந்திருக்கும்.

சட்டம் இருக்கிறதே எனலாம். உண்டு. ஆனால் தொண்ணூறு ஆண்டைக் கடந்த காரில் எந்தக் கோடு எவன் அரத்தால் விழுந்ததென்று எந்த மன்றத்தில் மெய்ப்பிப்பது? பெயர் கெடுமே எனலாம். இராவியவனின் பெயர் கெடவில்லை. விற்கும் வரை ஓசையில்லாமல் ஓடிற்று. விற்றவர் அவனைப் புகழ்ந்தார். ஆள் காணும் இடத்திலே நன்மை செய்வோனை ஆக்கச் சட்டமும் பெயரும் உதவும். தொட்டி மூடிய பின் அவை வெளியிலேயே நின்றுவிடுகின்றன.

இவ்விடைகள் அனைத்திலும் ஒரே பிழையை நாம் காண்கிறோம். எல்லாரும் பார்ப்பவன் யாரென்றே தேடுகின்றனர். அரசனோ, ஆண்டவனோ, ஊராரோ, தன் மனமோ, ஏதோ ஒரு கண் வேண்டும் என்கின்றனர். வேலை மறைந்திருக்கலாம்; அதன் பாரம் மறைவதில்லை. அது எவன் தலையிலோ இறங்கியே தீரும். இராவிய மூடியைக் கண்டவர் எவருமில்லை என்பது உண்மை. ஆனால் அதனைச் சுமந்தவர் ஒருவர் இருந்தார். பேரனையும் பேத்தியையும் ஏற்றிக்கொண்டு தாப்பாவிலிருந்து கேமரன் மலைச் சாலையில் ஏறலாமென்று அவர் நாள் குறித்து வைத்திருந்தார். எண்ணெய் அற்ற பேரிங் ஒரு வளைவில் இறுகியிருந்தால், அதனோடு பின்சக்கரங்களும் இறுகியிருக்கும். பள்ளத்தின் ஓரத்தில் அது என்னாவது? ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "யார் காண்பார்?" என்பதன்று; "யார் மேல் விழும்?" என்பதே. முதற் கேள்விக்கு "எவருமில்லை" என்று விடை வரலாம். இரண்டாவதற்கு ஒருபோதும் அவ்விடை வராது.

தோட்டத்திற் பிறந்த நேயர்களுக்கு இதனை நாம் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. பால்மரம் நின்ற இடங்களிற் பெரும்பாலும் இன்று செம்பனை நிற்கிறதெனினும், மரம் சீவியவர்களும் அவர்தம் பிள்ளைகளும் இன்னும் நம்மிடையே உள்ளனர். கத்தி ஆழ இறங்கினால் அன்றைக்குப் பால் மிகும். ஆனால் பட்டைக்கும் மரத்துக்கும் இடையேயுள்ள உயிர்ப்படலத்தில் காயம்பட்டால், பட்டை மீண்டும் வளரும்போது கட்டி கட்டியாக வளரும். ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பட்டையை உள்ளே விட்டு வைப்பதே நல்ல கை. விடியற்காலை இருளில், நெற்றி விளக்கின் ஒளியில், நூற்றுக்கணக்கான மரங்களுக்கு நடுவே தனியே நிற்கும் பெண் விட்டாளா, இறக்கினாளா என்று எந்தக் கங்காணி நின்று பார்க்க முடியும்? புதுப்பட்டை மீண்டும் வெட்டுக்கு வரப் பல ஆண்டு செல்லும். அப்போது அந்தக் கட்டியில் கத்தி வழுக்கி, பால் தடம் மாறி ஒழுகி, நிறை குறைந்து, ஏச்சுக் கேட்பவள் வேறொருத்தி. நம் தாய்மாரில் பலர், அந்த வேறொருத்தியைக் கண்டிராமலே, ஒரு மில்லிமீட்டரை விட்டு வைத்தனர். அவர்களுக்குப் பிளேட்டோவைத் தெரியாது.

இதுவரை தொழிலாளியின் கடமையைப் பேசினோம். கூலி கொடுப்போனைப் பற்றிப் பேசாமல் விட்டால் நாமும் அப்பிரசங்கிகளின் பந்தியில் உட்கார வேண்டிவரும். அதே காருக்கு முந்தைய உரிமையாளர் ஒருவர் புதுச் சாயம் பூசியிருக்கிறார், மெத்தை தைத்திருக்கிறார், விளக்குகளுக்கு வெள்ளிபோல் மெருகிட்டிருக்கிறார். அவற்றுக்குக் கேட்ட கூலி கிடைத்திருக்கும், ஏனெனில் அவை கண்ணுக்குத் தெரிவன. பேரிங் ஊற்றும் வேலைக்கு மட்டும், "உள்ளே இருப்பதற்கு இவ்வளவா?" என்று பேரம் பேசுகிறோம். வீடு கட்டினால் அடித்தளத்தில் மிச்சம் பிடித்து வாசலில் செலவழிக்கிறோம். கலியாணத்தில் பந்தலைப் பார்க்கிறோம். சமையற்கட்டில் பாத்திரம் துலக்குபவளுக்குக் கொடுக்கும்போது கை சுருங்குகிறது. காண்பதற்கே கூலி என்று ஊர் முழுவதும் வகுத்துவிட்டு, காணாத இடத்தில் நேர்மையில்லையே என்று புலம்புவது எவ்வகையில் நியாயம்? அரம் பிடித்த கை அவனுடையது. பிடிக்கத் தூண்டிய விலையை வைத்ததில் நம் அனைவருக்கும் பங்குண்டு.

பெரியவரிடம் இவ்வேலை கற்க ஆளில்லை. மகன் சிங்கப்பூரில் வேறு துறையில் இருக்கிறார். முன்பு இரண்டு பையன்கள் வந்தனராம். கையில் கரி படும், உருக்கிய உலோகம் தெறிக்கும், மூன்று வாரம் பாடுபட்ட பின் செய்ததைக் காட்ட வழியில்லை, போய்விட்டனர். கைவேலையை இழிவென்று நம் பிள்ளைகளுக்கு யார் கற்பித்தது என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

பெரியவரைப் பற்றி இவ்வளவு உயர்வாகக் கூறும் நாம், அவர் தாமே நம்மிடம் சொன்ன ஒன்றை மறைத்தல் தகாது. காரை இளைஞர் ஓட்டிச் சென்ற சில வாரங்களுக்குப் பின், சாலையோரத்தில் விற்பனைப் பலகை மாட்டிய நிலையில் அதனை அவர் கண்டிருக்கிறார். ஓசையில்லாமல் ஓடக் கேட்டதும் உள்ளே என்ன செய்யப்பட்டிருக்கும் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. நம் நண்பர் அதன் அருகே நின்று கதவைத் தடவிக்கொண்டிருந்ததையும் கண்டாராம். "நான் இராவவில்லை, வாத்தியாரையா. ஆனால் நான் சொல்லவும் இல்லை. அந்தப் பையனுடைய தாய் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அடுத்தவன் பிழைப்பில் கை வைக்கக் கூடாதென்று பேசாமல் போய்விட்டேன்," என்றார். நண்பர் ஒன்றும் மறுமொழி கூறாமல், மேசைமீது கிடந்த மூடியைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இதற்கு என்ன தீர்ப்புச் சொல்வது? கைக்கு ஒரு நீதி, நாவுக்கு ஒரு நீதி இல்லை என்று சொல்லிவிடலாம். நாமே முதலில் அவ்வாறுதான் எண்ணினோம். யார் மேல் விழும் என்று கேட்கச் சொன்னோமே, அக்கேள்வியை அவரும் அன்று சாலையோரத்தில் கேட்டிருக்கிறார். சொன்னால் நோயாளித் தாயின் மேல் விழும். சொல்லாவிடில் கதவைத் தடவிக்கொண்டிருக்கும் அந்நியர் மேல் விழும். தாயை அவர் அறிவார்; அந்நியரை அறியார். அறிந்தவர் பக்கம் சாய்ந்துவிட்டார். நம்மில் எவரும் சாய்வோம். ஆயினும் அது பிழையே என்பது நம் துணிபு. கார் விலை குறைந்திருந்தால் தாயின் வைத்தியத்துக்கு வேறு கைகள் நீண்டிருக்கலாம். ஊர் என்பது அதற்காகவே இருக்கிறது. மலை வளைவில் நண்பருக்கு நீளக்கூடிய கை எதுவும் இல்லை. பெரியவரும் அதனைப் பிழையென்றே கொண்டார் போலும். உலோகத்துக்கும் தண்டைச் சாணை பிடித்ததற்கும் மட்டும் பணம் பெற்றுக்கொண்டு, தம் கூலியில் பாதியைத் தள்ளினார். நண்பர் முழுவதையும் வற்புறுத்திக் கொடுத்தார். அதில் ஒரு சிறு சச்சரவே நடந்தது.

ஊற்றும் நாளில் நாமும் இருந்தோம். பழைய உலோகத்தை உருக்கி வெளியேற்றுமுன், பெரியவர் முன்பக்கத்து மூடியை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். இந்த யந்திரம் பல்லாண்டுகளுக்கு முன் ஒரு முறை திறக்கப்பட்டிருக்கிறது என்றார். அப்போது ஊற்றியவன் பரப்பைச் சுரண்டிச் சரிசெய்த தடங்கள் ஓரத்தில் இன்னும் சிறிது தெரிந்தன. நீல மையைத் தண்டில் தடவிச் சுழற்றி, மை படும் மேடுகளை மட்டும் மெல்லச் சுரண்டி, மீண்டும் தடவி, இவ்வாறு மை எங்கும் ஒரே சீராகப் படும் வரை செய்யும் வேலை அது. எண்ணெய் செல்லும் வாய்க்காலின் விளிம்பைக்கூட அவன் மழித்திருந்தான். அதனை விட்டிருந்தாலும் கார் ஓடியிருக்கும். தமிழனோ, சீனனோ, மலாய்க்காரனோ, எவனென்று தெரியாது. இன்னொருவன் என்றேனும் திறந்து பார்ப்பானென்று அவன் எண்ணியிருக்கவும் முடியாது. அத்தகைய கார்கள் சில ஆண்டில் குப்பைக்குப் போனவை. "செய்தவன் கை சுத்தமான கை," என்றார் பெரியவர். பிறகு அதையும் உருக்கினார். நல்ல வேலையும் தேய்ந்துதான் போயிருந்தது.

இரும்புச் சட்டியில் புதிய உலோகம் கலங்கிக் கண்ணாடிபோல் தெளிந்தது. பைன் மரச் சிம்பு ஒன்றை அதில் தோய்த்தார். சிம்பு கருகியது, தீப்பற்றவில்லை. பதம் வந்துவிட்டதென்பதற்கு அது அடையாளம். பற்றிக்கொண்டால் சூடு மிகுதி. யந்திரத்தின் உடலையும் முன்பே சூடேற்றியிருந்தார். குளிர்ந்த இரும்பில் ஊற்றினால் உலோகம் உடனே உறைந்து அடுக்கடுக்காகப் பிரியும். தண்டின் இடத்தில் நிறுத்திய போலித் தண்டைச் சுற்றி, இடையில் நிறுத்தாமல் ஒரே வீச்சாக ஊற்றினார். அந்தச் சில நொடிகள் எவரும் பேசவில்லை. ஆறியபின் சுத்தியால் தட்டித் தட்டி, உடலிலுள்ள பிடிதுளைகளில் உலோகம் நன்றாய் இறுகச் செய்தார். பின்பக்கத்து மூடியின் இராவிய விளிம்பை மறுபடி சமமாக்கிக் கடைவதற்கே இரண்டு நாள் பிடித்ததாம்.

மூன்றாம் வாரக் கடைசியில் சென்றபோது, பெரியவர் காரின் அடியிற் படுத்திருந்தார். மூடிகளின் மரையாணிகளுக்குக் கோட்டர் பின் என்னும் பிளவூசிகளைச் செருகி, ஒவ்வொன்றின் இரு காலையும் ஒரே அளவாக மடக்கிக்கொண்டிருந்தார். ஒரு கால் சற்றுக் கோணியது. அதனைக் கழற்றியெறிந்து வேறொன்று செருகினார். பிறகு எண்ணெய்த் தொட்டியைத் தூக்கி மூடினார்.

யந்திரம் தொடங்கியது. ஓசையில்லை. நண்பரிடம் சாவியை நீட்டினார் பெரியவர். நண்பர் வாங்கவில்லை. முதல் ஓட்டத்தை நீங்களே ஓட்டுங்கள் என்று சொல்லிவிட்டு, பின்கதவைத் திறந்து, துரை உட்காரும் இடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். நாம் முன்னே அமர்ந்தோம். பட்டறையிலிருந்து பழைய தோட்டச் சாலை வரை சென்று திரும்பினோம். பின்னால் வந்த லாரிக்காரன் ஒலி எழுப்பிப் பார்த்தான். பெரியவர் இருபது மைலுக்கு மேல் ஓட்டவில்லை; பேரிங் புதிது, முதல் ஐந்நூறு மைலுக்கு விரட்டக் கூடாது என்றார்.